வாகன வாசல்: இடது முன் சில்லு மட்டும் ஏன் சுடுகிறது?

கேள்வி: வணக்கம் அண்ணா. என்னிடம் இருப்பது 1998 ஆம் ஆண்டுக் கொரோலா 110. வேலணையில் இருந்து சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய் வருகிறேன். இரண்டு மாதமாக இடது முன் சில்லு கடுமையாகச் சுடுகிறது. போன மாதம் அம்மாவைக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பளை தாண்டியதும் கருகல் மணம் வந்தது. இறங்கிப் பார்த்தால் இடது றிம்மில் கை வைக்க முடியவில்லை. வலது பக்கம் இளஞ்சூடுதான். கராஜில் முதலில் பிறேக் பாட் மாற்றினார்கள். பிறகு பெயரிங் மாற்றினார்கள். இப்போது பாட்டை அமுக்கும் கலிப்பரையே முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஆனால் அவர்கள் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் சில்லு நன்றாகத்தான் சுற்றுகிறதாம். காசு போய்க்கொண்டே இருக்கிறது, சூடு குறையவில்லை. என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியை, வேலணை

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று தரம் வாசித்தேன். "அவர்கள் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் சில்லு நன்றாகத்தான் சுற்றுகிறதாம்." நீங்கள் காலையில் காரை கராஜில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். அவர்கள் கைவேலையை முடித்துவிட்டுப் பத்து, பதினொரு மணிக்கு ஜக் அடித்திருப்பார்கள். அதற்குள் சில்லு ஆறி, இறுகிப் பிடித்திருந்த பிறேக் தானாக விட்டிருக்கும். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளையை டொக்டரிடம் காட்டினால் அவர் எதைப் பார்ப்பார்? இந்தப் பழுதைச் சில்லு சூடாக, இறுகி நிற்கும்போதே பார்க்க வேண்டும். ஆறிய சில்லில் பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஊகத்தில்தான் சாமான் மாற்றுவார்.

அதற்கு முன்னால் ஒன்று. இது சரியாகும்வரை அம்மாவை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் போகவே வேண்டாம். கருகல் மணம் வந்தது என்றால் பாட்டும், சில்லோடு சுற்றும் டிஸ்க்கும் விடாமல் உரசி, அந்தச் சூடு கலிப்பருக்குள் நிற்கும் பிறேக் ஒயிலுக்கு ஏறியிருக்கிறது. டொட் 3 வகைப் பிறேக் ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிப்பது 205 பாகை செல்சியஸில். ஆனால் அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான். ஈரம் ஏறிய பிறகு 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். ஆவியை அமுக்கலாம், அதனால் சில்லைப் பிடிக்க முடியாது. நீங்கள் மிதிக்கும்போது பெடல் பஞ்சு மாதிரித் தரைவரைக்கும் போகும். கொடிகாமச் சந்தியில் ஒரு மாடு குறுக்கே வரும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. கராஜுக்குப் போவதற்கு மட்டும் எடுங்கள், அதையும் மெதுவாக ஓட்டுங்கள்.

சரி, இப்போது பழுதுக்கு வருவோம். பெடலை மிதிக்கும்போது ஒயில் வந்து கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் பாட்டைத் தள்ளுகிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் எதனால் திரும்புகிறது என்று கேட்டால், பல பொடியன்கள் ஸ்பிரிங் இருக்கிறது என்பார்கள். டிஸ்க் பிறேக்கில் அதற்கென்று ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர விளிம்பு றப்பர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் வெளியே வரும்போது அந்த வளையம் கொஞ்சம் முறுகுகிறது. அழுத்தம் போனதும் நிமிர்ந்து, பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுக்கிறது. அந்த மயிரிழை இடைவெளியில்தான் உங்கள் சில்லு சுதந்திரமாகச் சுற்றுகிறது. பிஸ்டனில் கறள் ஏறினால் அந்த இழுப்புப் போதாது. கலிப்பர் வழுக்கி நகர வேண்டிய இரண்டு பின்களும் காய்ந்து இறுகினாலும் பாட் விலகாது. இவை இரண்டும் நல்லாக இருந்தும், ஒயில் திரும்பிப் போக வழியில்லாமல் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டு நின்றால் அப்போதும் சில்லு பிடித்தபடியே இருக்கும்.

இரும்பு இறுகி நிற்கிறதா, ஒயில் சிறைப்பட்டு நிற்கிறதா? உங்கள் சில்லுக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன ஸ்பானர் போதும்.

கராஜ்காரரோடு முன்கூட்டியே பேசி, ஜக்கைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். வேலணையில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டி நகருக்கு வரும் தூரமே சில்லு சூடாகப் போதும். வழமைபோல் பிறேக் பிடித்து வாருங்கள். வந்து நின்றதும் நேரம் போக்காமல் கியரை நியூற்றலில் போட்டு, பின் சில்லுக்குக் கல் வைத்து, இடது முன் சில்லைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். முன்சில்லு இழுக்கும் காரில் கொஞ்சம் இழுவை எப்போதும் இருக்கும். ஒரு பாட் மெல்லச் சீறுவதும் வழமைதான். இரண்டு கையாலும் சுற்ற முடியாத இறுக்கம் இருந்தால் அதுதான் நாங்கள் தேடிவந்தது.

இப்போது, அந்த இறுக்கத்தோடேயே, கலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளில் ஒரு றப்பர் குழாய் மாட்டி, மறு நுனியைப் போத்தலுக்குள் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று இளக்கச் சொல்லுங்கள். ஒயில் சூடாக இருக்கும், கண்ணில் பட்டால் பொல்லாதது, முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். ஒயில் சீறிப் பாய்ந்து, அந்தக் கணமே சில்லு இளகிச் சுற்றினால் கலிப்பர் நிரபராதி. அழுத்தம் எங்கோ சிறைப்பட்டிருந்தது என்று அர்த்தம். நிப்பிளைத் திறந்தும் சில்லு அசையாமல் நின்றால் பிஸ்டனோ பின்களோதான் இறுகியிருக்கின்றன.

இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் உங்களுக்குப் பாட்டும் பெயரிங்கும் மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் என் மனவருத்தம். அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் செய்தேன். போர் முடிந்து ஏ9 திறந்து, கொழும்புக்கு ஓட்டம் கூடிய காலம். ஒரு வாடகைக் கார்க்காரருக்கு இதே பழுது. முதலில் கலிப்பரைக் கழற்றி றப்பர் மாற்றிக் கொடுத்தேன். ஒரு கிழமையில் திரும்பி வந்தார். முழுக் கலிப்பர் மாற்றினேன். மாங்குளம் தாண்டவில்லை, மறுபடியும் மணம் என்று போன் எடுத்தார். குடும்பத்துக்கு உழைக்கிற மனிதர், என் பேச்சை நம்பி இரண்டு தரம் காசு தந்தவர். மூன்றாம் தரம் அவருடனேயே ஓடிப்போய், வழியில் சில்லு சுட்டுக்கொண்டு நிற்கும்போதே நிப்பிளைத் திறந்தேன். பாய்ந்தது. கலிப்பருக்கு ஒயில் கொண்டுவரும் றப்பர்க் குழாயை, அதுதான் ஹோஸை, வெட்டிப் பார்த்தோம். வெளியில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. உள்ளே றப்பர் பிரிந்து ஒரு நாக்கு மாதிரி மடிந்து கிடந்தது. மிதிக்கும்போது வரும் பலமான அழுத்தம் அந்த நாக்கைத் தள்ளிக்கொண்டு போய்விடும். காலை எடுத்த பிறகு திரும்பி வர வேண்டிய ஒயிலுக்கு அந்தப் பலம் இல்லை, நாக்கு வாசலை மூடிக்கொள்ளும். அந்தக் கலிப்பர் காசை நான் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

உங்கள் காரிலும் இடது ஹோஸ்தான் என்று என் மனம் சொல்கிறது. ஆறினால் விடுகிறது, ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது, புதுப் பாட் போட்டும் மாறவில்லை. அதைவிட, நீங்கள் ஓடும் வீதி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தில் கடல்நீர்த் தூவல் கண்ணாடியில் படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதே உப்பு சில்லுக்குள்ளும் படிகிறது. மாரியில் வீதியோரம் தேங்கும் வெள்ளத்தை முதலில் வாங்குவதும் இடது சில்லுதான். கொரோலாவில் ஹோஸின் நடுவில் அதைப் பிடித்து நிற்கும் ஒரு தகரப் பிடி இருக்கிறது. அதற்குள் கறள் ஏறினால் கறள் பொருமும், பொருமி ஹோஸின் கழுத்தை நெரிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தால் அந்த இடத்தில் வீக்கம் தட்டுப்படும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களை எல்லோரும் இழுத்துப் பிடித்து ஓட்டினோம். பாட் மாற்றுவோம், ஒயில் மாற்றுவோம், ஹோஸை யாரும் நினைப்பதில்லை. உங்கள் காரில் வந்த ஹோஸே இன்னும் கிடந்தால் அதற்கு வயது இருபத்தைந்துக்கு மேல்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். பாட் மாற்றும்போது கலிப்பரைக் கம்பி கட்டித் தொங்கவிட்டார்களா, ஹோஸிலேயே தொங்கவிட்டார்களா? ஹோஸில் தொங்கவிட்டால் கலிப்பரின் பாரம் முழுவதையும் அந்தப் பழைய றப்பர் தாங்க வேண்டும். உள்ளே கிழிவதற்கு அது போதும்.

ஆனால் என் மனம் சொல்வதை நம்பி ஹோஸை மாற்றிவிட வேண்டாம், சோதனையைச் செய்த பிறகே மாற்றுங்கள். ஒயில் பாய்ந்து சில்லு இளகினால் இன்னொரு படி இருக்கிறது. திரும்ப மிதித்து இறுக வைத்துவிட்டு, இம்முறை பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளிவிடும் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து புறப்படும் இரும்புக் குழாயின் நட்டை அங்கேயே இளக்க வேண்டும். அப்போது சில்லு விட்டால் பழுது மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாவிட்டால் நடுவில் இருக்கும் ஹோஸ்தான். முன்சில்லு இழுக்கும் கார்கள் பலவற்றில் பிறேக் குழாய் குறுக்காகப் பிரிகிறது: இடது முன்னும் வலது பின்னும் ஒரே வழி. ஆகவே மேலே பழுது என்றால் வலது பின் சில்லும் கொஞ்சம் சுட வேண்டும். அதையும் தொட்டுப் பார்த்தீர்களா?

நிப்பிள் திறந்தும் சில்லு இளகவில்லை என்றால் கழற்றிய பாட்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று அதிகமாகத் தேய்ந்தும் மற்றது குறைவாகவும் இருந்தால், அல்லது ஒரே பாட் ஒரு நுனியில் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால், பின்களில் சந்தேகம் கொள்ளலாம். பின்களை உருவி, கறளைத் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் பூச வேண்டும். பெயரிங்குக்குப் போடும் சாதாரண கிறீஸ் அங்கே வேண்டவே வேண்டாம், அது றப்பர் உறையை ஊத வைத்து பின்னை முன்னைவிடக் கூடுதலாக இறுக்கிவிடும். சில கலிப்பர்களில் இரண்டு பின்களில் ஒன்றின் நுனியில் மட்டும் றப்பர் இருக்கும். மேல் கீழ் மாறாமல் எடுத்த இடத்திலேயே போட வேண்டும். பாட் உட்காரும் தகட்டுக்குக் கீழே கறள் பொருமியிருந்தாலும் பாட் நெருக்கப்பட்டு நகராது, அதையும் சுரண்டச் சொல்லுங்கள். பிஸ்டனைத் தள்ளிப் பார்த்தால் சீராக உள்ளே போக வேண்டும். மேற்பூச்சு உரிந்து கறள் குழி விழுந்த பிஸ்டனுக்கு றப்பர் மட்டும் மாற்றுவது வீண்செலவு.

பெயரிங் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஏற்கெனவே மாற்றியாயிற்று. பெயரிங் போனால் சூடு சில்லின் நடுவில் தொடங்கும், வேகத்தோடு ஒரு உறுமல் கூடிக்கொண்டு வரும், வளைவில் அந்தச் சத்தம் மாறும். பாட் கருகும் மணம் பெயரிங்கால் வராது. நீங்கள் எழுதியது பாட் மணம்.

வேலை முடிந்த பிறகு சில விடயங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஹோஸ் மாற்றினால் வலது பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், அதற்கும் அதே வயதுதான். சூட்டில் கண்ணாடி மாதிரிப் பளபளத்துப் போன பாட் பிடிக்காது. புதிதாகப் போட்டதாக இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இரு பக்கமும் மாற்ற வேண்டும். டிஸ்க்கில் நீல நிறம் பாய்ந்திருக்கிறதா, மயிர் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பு இருந்தால் அந்த டிஸ்க் வேண்டாம். பழைய ஒயில் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக விடுங்கள், அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள். பிறகு பழைய தூரத்தையே ஓடிவந்து, றிம்முக்குக் கிட்டக் கையை வைத்து இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். தொடாமல் சூடு பார்க்கும் கருவி கராஜில் இருந்தால் இன்னும் நல்லது. எத்தனை பாகை என்பதைவிட, இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

கேள்வி: சில்லு சுட்டால் உடனே தண்ணீர் ஊற்றி ஆற்றச் சொல்கிறார்கள். பொன்னாலைப் பாலத்தடியில் நின்று கடல்நீரே அள்ளி ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சரியா?
— ஒரு வாசகர், காரைநகர்

பதில்: வேண்டாம் தம்பி. கொதிக்கும் டிஸ்க் ஒரு பக்கத்தில் சடுதியாக ஆறினால் நெளியும், சிலவேளை வெடிக்கும். நெளிந்தால் பிறகு ஒவ்வொரு தரம் மிதிக்கும்போதும் பெடல் காலில் துடிக்கும். கடல்நீர் என்றால் பின்களுக்கும் பிஸ்டனுக்கும் உப்பை நாங்களே ஊட்டுகிறோம். நிழலில் நிறுத்தி, கல் வைத்து, அரை மணித்தியாலம் தானாக ஆற விடுங்கள். புகையோ நெருப்போ வந்தால் அது வேறு கதை, அப்போது ஆட்களை இறக்கிவிட்டுக் கையில் இருப்பதால் அணையுங்கள். கடற்பாலம் தினமும் தாண்டுகிறவர்கள் கிழமைக்கு ஒருதரம், சில்லு ஆறிய பிறகு, நல்ல கிணற்று நீரால் சில்லுக்குள் கழுவிவிடுவது நல்ல பழக்கம். கழுவியதும் கொஞ்சத் தூரம் ஓடிப் பிறேக் பிடித்து ஈரத்தைப் போக்குங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு முன் சில்லும் சேர்ந்து சுடுகின்றன. ஓட ஓடப் பெடல் கல் மாதிரி இறுகுகிறது. அரை மணித்தியாலம் நிறுத்தினால் சரியாகிறது. பின் லைற் எரியவில்லை என்று பிறேக் சுவிற்சை மாற்றிய பிறகுதான் தொடங்கியது.
— ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: கடைசி வரியில் நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுட்டால் கலிப்பரைக் கழற்றாதீர்கள், மேலே பாருங்கள். அந்தச் சுவிற்சை அளவுக்கு மிஞ்சித் திருகினால் அது பெடலின் கையைத் தள்ளிக்கொண்டு நிற்கும், பெடல் முழுதாகத் திரும்பாது. மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது. பெடல் முழுதாகத் திரும்பினால்தான் அது திறக்கும். சூட்டில் விரியும் ஒயில் அந்த வழியாகத்தான் மேலே இருக்கும் சாடிக்குத் திரும்ப வேண்டும். அது மூடிக் கிடந்தால் விரிந்த ஒயில் பிஸ்டனைத் தள்ளும், பாட் உரசும், இன்னும் சுடும், இன்னும் விரியும். நீங்கள் மிதிக்காமலே கார் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும்.

பெடலை விரலால் அமுக்கிப் பாருங்கள். முதல் சில மில்லிமீற்றர் வெறுமையாக அசைய வேண்டும். அசையாவிட்டால் சுவிற்சைப் பின்னால் எடுத்து, லைற் நேரத்துக்கு எரிகிறதா என்று பார்த்து இறுக்குங்கள். அதன் பிறகும் இறுகினால், இறுகி நிற்கும்போதே மாஸ்டர் சிலிண்டரை, மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டுகளை இளக்கி, சிலிண்டரைக் கொஞ்சம் முன்னால் இழுங்கள். சில்லு விட்டால் பூஸ்டரின் தண்டு நீளமாக இருக்கிறது, அல்லது பெடல் பக்கம் பழுது. விடாவிட்டால் சிலிண்டருக்குள் றப்பர் ஊதியிருக்கலாம்.

றப்பர் ஊதுவது பற்றி ஒரு வார்த்தை. பிறேக் ஒயில் என்று நாங்கள் சொல்லிப் பழகிவிட்டோம், அந்தச் சொல்லே ஆட்களை ஏமாற்றுகிறது. எங்கள் கார்களுக்கு விடும் டொட் 3, டொட் 4 இரண்டும் எஞ்சின் ஒயில் மாதிரியான எண்ணெய் அல்ல. நான் தொழில் பழகியது தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், கொக்குவிலில் ஒரு கராஜில். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் ஓடும் ஒஸ்ரின் ஏ40 கார்கள்தான் எங்கள் வேலை. ஒருநாள் ஒரு ஏ40 நாலு சில்லும் இறுகி, தள்ளவும் முடியாமல் ஒழுங்கைக்குள் நின்றது. பிறேக் ஒயில் கிடைக்கவில்லை என்று சொந்தக்காரர் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டிருந்தார். கழற்றினால் உள்ளே இருந்த றப்பர் எல்லாம் ஊதி, பாற்சோற்றுப் பருக்கை மாதிரிப் பிசுபிசுத்துக் கையோடு வந்தது. அந்தக் காலத்தில் மாற்றுவதற்கு றப்பர் இல்லை. கார் மாதக்கணக்கில் பலா மரத்தடியில் கிடந்தது. சுவிற்ச் மாற்றிய இடத்தில் சாடிக்கு ஒயிலும் விட்டார்களா, எந்தப் போத்தலில் இருந்து விட்டார்கள் என்று கேளுங்கள். சந்தேகம் என்றால் சாடியில் இருப்பதைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர்க் குவளையில் விடுங்கள். பிறேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும், எண்ணெய் என்றால் மேலே படலமாக மிதக்கும். மிதந்தால் காரை எடுக்க வேண்டாம், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். றப்பர் அத்தனையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.